புகையில்லாமல் தொங்கும் வண்டி

டீசல் காருக்குச் சக்தி கூட்ட வேண்டுமென்று வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது, என்ன விலை என்பதை. அடுத்து டர்போ. அதற்கும் அடுத்து பெரிய நாசில். பின்சீட்டுப் பக்கம் தொங்கும் டாங்கிலிருந்து பானெட்டுக்குள் இருக்கும் பம்ப் வரை டீசல் எப்படி வந்து சேருகிறது என்று கேட்பவர் அபூர்வம். பொம்மிடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு டீசல் மெக்கானிக் அந்தக் கேள்வியில்தான் தொடங்குவார். "பேர் வேண்டாங்க, வேலையைப் பத்தி எழுதுங்க" என்று அவர் சொல்லிவிட்டதால், இந்தக் கட்டுரையில் அவர் வெறும் மெக்கானிக்.

பொம்மிடி, சென்னை–சேலம் ரயில் பாதையில் மொரப்பூரைத் தாண்டி வரும் ஊர். பாப்பிரெட்டிப்பட்டி வட்டம். தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை. மரவள்ளி, மஞ்சள், கரும்பு, பாக்கு விளையும் பூமி. மரவள்ளிக் கிழங்கு சேலத்துப் பக்கச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. ஆகவே ஊரில் ஓடுபவை பெரும்பாலும் டிராக்டர், பொலிரோ பிக்கப், இன்னோவா. இவற்றுக்கு நடுவே ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வார இறுதியில் ஓட்டிவரும் கார்கள் உண்டு. ரீமேப் ஆசை அவர்களிடம்தான் அதிகம். மெக்கானிக்கின் சோதனைச்சாலை தொப்பூர் கணவாய். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், விபத்துச் செய்திகளில் அடிக்கடி வருவது சேலம் நோக்கி இறங்கும் பக்கம். இவருக்கு வேண்டியது எதிர்ப்பக்கம், அதாவது தர்மபுரி நோக்கி ஏறும் மேடு. சுமையோடு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, தொடர்ந்து சில நிமிடம் ஏற்ற வேண்டிய இடம் அது. பட்டறையில் நிறுத்தி ரைஸ் பண்ணிப் பார்த்தால் தெரியாத கோளாறு அங்கே தெரிந்துவிடும்.

இவர் தொழில் கற்றது காரில் அல்ல, கிணற்றடி ஆயில் என்ஜினில். மின்சாரம் எல்லாக் கிணற்றுக்கும் வந்து சேராத காலத்தில் ஐந்து குதிரைசக்தி கிர்லோஸ்கர் என்ஜின்கள்தான் இந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தன. அவற்றில் டீசல் டாங்க் என்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். டீசல் தானாக இறங்கும். உறிஞ்சவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். டாங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, ஏர் எடுத்துவிட்டால் என்ஜின் ஓடியே தீரும். "அந்த என்ஜின்ல டீசல் வரலைங்கிற பேச்சுக்கே இடமில்லைங்க. கார் வந்த பிறகுதான் டாங்க் கீழே போயிருச்சு, எங்களுக்கு வேலையும் வந்துருச்சு" என்கிறார்.

அடுத்து லாரியும் போர்வெல் கம்ப்ரசரும். அங்கே டாங்க் சேசிஸ் ஓரத்தில் தொங்குகிறது. இன்லைன் பம்பின் விலாவில் ஒரு சிறிய ஃபீட் பம்ப் இருக்கும். கேம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது டாங்கிலிருந்து டீசலை இழுத்து பில்டர் வழியாகப் பெரிய பம்புக்குக் கொடுக்கும். அதன் தலையில் கையால் அடிக்கும் பிளஞ்சர் ஒன்றும் உண்டு. டீசல் தீர்ந்து நின்ற லாரிக்கு, பில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அந்தக் கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுப்பதுதான் எந்தப் பட்டறைப் பையனுக்கும் முதல் பாடம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் லிஃப்ட் பம்ப் என்பது இதைத்தான். டாங்கிலிருந்து டீசலைத் தூக்கித் தருவது மட்டுமே அதன் வேலை; நாசிலில் பீய்ச்சும் அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போஷ் நிறுவனம் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1927-ல். 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைகோ அந்தப் பம்புகளை இந்தியச் சாலைக்குப் பழக்கியது. கம்பெனி 2008-ல் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் நம் பட்டறைகளில் அது மைகோ பம்ப்தான்.

கார் விஷயத்துக்கு வருவோம்.

ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ இந்தியாவுக்கு வந்தது 2001-ல். 90 குதிரைசக்தி, 210 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்தக் காலத்துக்கு அது டீசல் கார் என்றால் நம்பமாட்டார்கள். இருபது வருடம் ஓடிய பிறகும் அதை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் தர்மபுரி, சேலம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருப்பது போஷின் விபி37 என்ற ரோட்டரி பம்ப். டாங்குக்குள் மின்பம்ப் கிடையாது. மிதவையும் உறிஞ்சுகுழாயும் மட்டும். பம்பின் வயிற்றுக்குள் ஒரு சிறிய வேன் பம்ப் சுழல்கிறது. கார் நீளத்துக்குப் பின்னாலிருந்து டீசலை உறிஞ்சி எடுப்பதும் அதுவே. பம்புக்குள் அழுத்தம் ஏற்றுவதும் அதுவே.

அந்த உள் அழுத்தத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான். சுற்று ஏற ஏற அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நகர நகர டீசல் பீய்ச்சும் நேரம் முன்னதாக வரும். வேகமாகச் சுற்றும் என்ஜினுக்கு டீசல் முன்கூட்டியே விழுந்தால்தான் எரிந்து முடிய நேரம் கிடைக்கும். எவ்வளவு முன்னதாக என்பதை கம்ப்யூட்டர் என்108 என்ற வால்வை வைத்துத் திருத்திக்கொள்ளும். மூன்றாவது நாசிலில் ஊசி எப்போது எழும்புகிறது என்று பார்க்க ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டர் கேட்ட நேரம் என்ன, நடந்த நேரம் என்ன என்று இரண்டையும் லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் படிக்கலாம். 2001-ல் வந்த ஒரு காரில் இப்படி ஒரு வசதி இருப்பது மெக்கானிக்குக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

வந்தவர் மரவள்ளி வியாபாரியின் மகன். ஆக்டேவியா அப்பாவுடையது. வெளியூரில் ஒரு கடையில் ரீமேப் போட்டிருந்தார்; நாசிலும் ஒரு அளவு பெரிதாக மாற்றியிருந்தார்கள். 130 குதிரைசக்தி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணா, போட்ட புதுசுல பறந்துச்சுங்க. இப்ப தொப்பூர் மேட்டுல மூவாயிரம் சுத்து தாண்டினா தொங்கிடுதுங்க."

"புகை வருதா?"

"இல்லைங்கண்ணா. அதான் புரியலை."

புகை வருகிறதா என்ற கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கறும்புகையோடு வண்டி தொங்கினால், அதாவது இழுவை இல்லாமல் திணறினால், டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை: டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், இன்டர்கூலர் பைப் கழன்றிருக்கலாம், ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். புகையே இல்லாமல் தொங்கினால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்தக் கார்களில் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கெட்டால், காற்று குறைவு என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணி டீசலைக் குறைத்துவிடும். அப்போதும் புகை வராது. வண்டி திடீரென்று மொத்தமாகச் சக்தி இழந்து, சாவியை அணைத்துப் போட்டதும் சரியானால், அது டர்போ அழுத்தம் எல்லை மீறியதால் கம்ப்யூட்டர் எடுத்த தற்காப்பு. இவற்றையெல்லாம் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் மெக்கானிக் டீசல் லைனுக்கு வந்தார். அப்படித் தள்ளாமல் பம்ப் வாங்க ஓடுவது பணத்தைக் கரியாக்குவது.

பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாயை இந்த என்ஜினில் கம்பெனியே கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கில் கொடுத்திருக்கிறது. அதில் டீசல் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐட்லிங்கில் ஓரிரண்டு சிறு குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் பயமில்லை. ரைஸ் பண்ணும்போது குமிழ் வரிசையாக ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. அல்லது உறிஞ்சும் இழுப்பு அளவுக்கு மீறுகிறது. டீசலுக்குள் காற்று கரைந்தே இருக்கிறது. கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் அழுத்தம் விடுபட்டு நுரைப்பதுபோல, குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் அது குமிழாகப் பிரிந்து வரும். டீசலை அழுத்த முடியாது, குமிழை அழுத்தலாம். வேன் பம்ப் குமிழை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உள் அழுத்தம் ஏறாது. டீசல் விழும் நேரம் பின்னுக்குப் போகும்.

மரவள்ளி வியாபாரியின் காரில் காற்று புகுவது, இழுப்பு மீறுவது இரண்டுமே இருந்தன. பில்டர் தலையில் சூடான டீசலைத் திருப்பிவிடும் சிறிய டி-வால்வு ஒன்று உண்டு. குளிர்நாட்டுக்காக வைத்தது. அதன் இரண்டு ஓ-ரிங்குகளும் வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தன. இந்த இடத்தில் டீசல் வெளியே கசியாது. உள்ளே இருப்பது உறிஞ்சும் இழுப்பு என்பதால் காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமில்லை என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஓ-ரிங் மாற்றி, பில்டர் மாற்றி, குழாயைப் பம்போடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டுகளுக்குப் புதுக் காப்பர் வாஷர் போட்டதும் வரிசைக் குமிழ் நின்றது. தொப்பூர் மேட்டில் முன்னைவிட நன்றாக ஏறியது. ஆனாலும் மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில் மறுபடி தொங்கியது.

அப்போதுதான் கேஜ். பம்பின் வாசலில் ஒரு டி-பீஸ் வைத்து, அதிலிருந்து நீள ஹோஸில் வெற்றிட கேஜை எடுத்து, முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினார். வெளிப்பக்கம் ஒட்டியதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் இருக்கும் ஹோஸை காருக்குள் கொண்டுவரவே கூடாது. ஹோஸ் கழன்றால் ஓட்டுபவரின் மடியில்தான் கொட்டும். பக்கத்துச் சீட்டில் லேப்டாப். ஐட்லிங்கில் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. மேட்டில் முழு மிதியில் இழுப்பு ஏறிக்கொண்டே போனது. அதே சமயம் லேப்டாப்பில் அளவீடுகளின் நான்காம் குரூப்பில் கம்ப்யூட்டர் கேட்ட நேரத்துக்கும் நடந்த நேரத்துக்கும் இடைவெளி விழுந்தது. என்108 வால்வு தன் எல்லைக்குப் போய்விட்டது, ஆனாலும் நேரம் முன்னே வரவில்லை. புது ஓ-ரிங், புது பில்டர் இருந்தும் இப்படி. வேன் பம்பால் இனி உறிஞ்ச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கணக்குப் போட்டாலும் இதுவே வரும். டீசல் என்ஜின் முழுச் சக்தியில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 240 கிராம் எரிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 90 குதிரைசக்தி என்பது 66 கிலோவாட். அப்படியானால் மணிக்கு 16 கிலோ, லிட்டரில் சொன்னால் சுமார் 19. அதையே 130 குதிரைசக்திக்குப் போட்டால் 27, 28 லிட்டர். எரிவது ஒன்றரை மடங்காகிறது. பம்பைக் குளிர்விக்கவும் அதற்கு எண்ணெய்ப்பசை கொடுக்கவும் சுற்றி டாங்குக்கே திரும்பிப் போகும் டீசல் இதில் சேராது. குழாயின் உள்விட்டம் மட்டும் கம்பெனி போட்ட அதே அளவு. இன்னொன்றும் உண்டு. உறிஞ்சுதல் என்று நாம் சொன்னாலும் டீசலை உண்மையில் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏற்காட்டில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். சமவெளியில் சமாளித்த கார் மலையேறும்போது தொங்குவதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பாடத்தை உலகத்துக்கு அதிக விலை கொடுத்துக் கற்றுத்தந்தது அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப். 1998-ன் நடுவிலிருந்து 2002 வரை வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 24 வால்வு என்ஜினில் போஷின் விபி44 ரோட்டரி பம்ப் இருந்தது. அதற்கு டீசல் கொடுக்க என்ஜின் பக்கவாட்டில் ஒரு மின் லிஃப்ட் பம்ப். அந்தச் சிறிய பம்ப் தளர்ந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்; ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விபி44-ஐக் குளிர்விப்பதும் அதற்குப் பசை கொடுப்பதும் அதன் வழியே ஓடும் டீசல்தான். வரத்து குறைந்ததும் விலை உயர்ந்த அந்தப் பம்ப் வெந்து போகும். உரிமையாளர்கள் டாஷ்போர்டில் டீசல் அழுத்த கேஜ் பொருத்தி, முழு மிதியிலும் பத்து பிஎஸ்ஐக்குக் கீழே போகக்கூடாது என்று காவல் காக்கத் தொடங்கினார்கள். ராமுக்கென்றே பெரிய லிஃப்ட் பம்புகள் விற்பது அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்தது. பொம்மிடி மெக்கானிக் இந்தக் கதையைச் சொல்லும்போது அழுத்திச் சொல்வது பம்பை அல்ல, கேஜை.

டீசல் கார் ஓட்டப்பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆடி ஆர்10 டிடிஐ 2006-ல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை டீசலில் வென்றது. 2010-ல் நம் ஊரிலேயே 1.6 லிட்டர் டீசல் போலோக்களை 130 குதிரைசக்திக்கு ஏற்றி ஒரு கோப்பைப் பந்தயம் நடந்தது. ஆக, பிள்ளைகளின் ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசைக்குத் தக்கபடி டீசல் வரத்தையும் கவனித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பம்ப் போடுவது? இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். பெரிய பம்ப், பெரிய அழுத்தம், நல்லது என்று நினைத்து பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காரின் பம்பைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். அது மூன்று பார் அழுத்தத்துக்கும் மேல் தள்ளக்கூடியது. விபி37-ன் முன்பக்க ஷாஃப்ட் சீல் அப்படி வாழப் பிறந்ததல்ல, கசியத் தொடங்கும். உள் அழுத்தமும் தாறுமாறாக ஏறி, ஐட்லிங்கிலேயே டீசல் விழும் நேரம் கம்ப்யூட்டரின் பிடியை விட்டுப் போகும். இந்தப் பம்புக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, வரத்து. வாசலில் இழுப்பு இல்லாமல், முழு மிதியில் 0.2 முதல் 0.4 பார் வரை லேசான தள்ளல் இருந்தால் போதும். அந்த அளவு கூடுதலை என்108 தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

ஃபோக்ஸ்வாகன் குடும்பத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. பம்பும் நாசிலும் ஒன்றாக இருக்கும் பம்ப்-நாசில் என்ஜினுக்கு மாறியபோது அவர்களே டாங்குக்குள் மின் லிஃப்ட் பம்ப் வைத்த கார்களும் வந்தன. அந்தப் பம்பைப் பழைய விபி37 கார்களில் பொருத்துவது வெளிநாட்டு டிடிஐ பிரியர்களிடம் பழகிப்போன வேலை. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினால் இங்கேயும் கிடைக்கலாம். ஆனால் கழட்டிப்போட்ட பம்பின் மிச்ச ஆயுள் யாருக்கும் தெரியாது. அதனால் மெக்கானிக் டீசலுக்கென்று முத்திரையுள்ள, குறைந்த அழுத்தத்து புது இன்லைன் பம்பையே சிபாரிசு செய்கிறார். வரத்து மணிக்கு நூறு லிட்டர் அளவில் இருந்தால் எரிவதற்கும் திரும்புவதற்கும் தாராளம்.

பொருத்தியது பின்பக்கம், டாங்குக்குப் பக்கத்தில், டாங்கின் அடிமட்டத்துக்கு இணையான உயரத்தில். தள்ளுவதில் இந்தப் பம்புகள் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. எனவே டாங்குக்கு எவ்வளவு கிட்டே வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஒரு சிறிய செப்பரேட்டர். ஏன் முன்னால்? மின்பம்ப் டீசலோடு தண்ணீரையும் அடித்துக் கலக்கிவிட்டால், பிறகு பானெட்டுக்குள் இருக்கும் பில்டரால் அதைப் பிரிப்பது சிரமம். பம்பே தேய்ந்து பொடி உதிர்த்தாலும் கம்பெனி பில்டர் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளும். இன்னொரு லாபம், இப்போது பில்டர் வரை குழாயில் இருப்பது தள்ளும் அழுத்தம். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று ரகசியமாக உள்ளே போகாது. டீசல் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பம்ப் நின்றுபோனால் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. ஆகவே பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாயும் ஒருவழி வால்வும். மின்பம்ப் செத்தாலும் வேன் பம்ப் பழையபடி தானே உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாக வீடு போய்ச் சேரலாம்.

வயரிங்கில் மெக்கானிக் காட்டும் கண்டிப்பு இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருக்க வேண்டியது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி ரிலே. ஹெட்லைட் வயரில் கொக்கி போடுவது கிடையாது. சாவி போட்டதும் பம்ப் ஓடும் என்று மட்டும் வைத்தால் விபத்தில் ஆபத்து: என்ஜின் நின்றிருக்கும், குழாய் அறுந்திருக்கும், சாவி ஆனிலேயே இருக்கும், பம்ப் டீசலைச் சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் என்ஜின் ஆயில் அழுத்தம் இருந்தால்தான் ரிலே பிடிக்கும்படி ஸ்விட்ச் வைக்கிறார். ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு ஸ்டார்ட்டர் லைனிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்கிறார். ஹோஸும் அப்படியே. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிவிசி ட்யூப் டீசலில் சில வாரத்தில் கல்லாக இறுகி வெடிக்கும். டீசலுக்கான ரப்பர் ஹோஸ், ஓரம் வெட்டாத கிளிப், எக்ஸாஸ்ட்டுக்கு எட்டாத வழி. இவற்றில் சிக்கனம் பார்க்க வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ரோட்டரி பம்பில் கை வைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். டீசல் திரும்பிப் போகும் வாயிலில் இருக்கும் பான்ஜோ போல்ட்டின் தலையில் அவுட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதன் உள்ளே ஊசிமுனை அளவு துளைதான் உண்டு. உள்ளே வரும் பக்கத்துப் போல்ட்டும் பார்க்க அதே மாதிரி, ஆனால் துளை பெரியது. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் உள் அழுத்தம் நிற்காது. என்ஜின் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம், ஸ்டார்ட் ஆனாலும் இழுக்காது. நன்றாக இருந்த பம்பைக் கழற்றி காலிப்ரேஷனுக்கு அனுப்பிய வண்டிகள் சில இந்த ஒரு போல்ட்டால்தான் கெட்டிருந்தன என்பது மெக்கானிக்கின் அனுபவம்.

வேலை முடிந்து மறுபடி தொப்பூர். வெற்றிட கேஜுக்குப் பதில் இப்போது அழுத்த கேஜ், அதே கண்ணாடியில். முழு மிதியில் முள் 0.2 பாருக்குக் கீழே இறங்கவில்லை. லேப்டாப்பில் கேட்ட நேரமும் நடந்த நேரமும் நாலாயிரம் சுற்று வரை ஒன்றாகப் போயின. வண்டி தொங்கவில்லை. மேடு முடிகிற இடத்தில் பையன் ஆக்சிலேட்டரை விட மனமில்லாமல்தான் விட்டான். ஆனால் மெக்கானிக் அதோடு விடவில்லை. இத்தனை நாள் டீசல் பற்றாக்குறை மறைத்துவைத்திருந்த ரீமேப்பின் உண்மையான அளவு இப்போதுதான் வெளியே வந்தது: கீழ்ச்சுற்றில் லேசாகக் கறும்புகை. வரத்து சரியானதும் ரீமேப் போட்ட கடைக்கே அனுப்பி, புகை எல்லைக்கான கணக்கைக் குறைத்து எழுதச் சொன்னார். லிஃப்ட் பம்ப் போட்ட பிறகு ரீமேப்பைத் திரும்பப் பார்க்காமல் விடுவது பாதி வேலை. எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் சேதமாகும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

இந்த வெற்றியைக் கேட்டு இன்னோவாக்காரர்களும் வந்தார்கள். 2005-ல் வந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டி-4டி என்ஜினிலும் டாங்குக்குள் மின்பம்ப் இல்லை. பில்டர் தலையில் கையால் அமுக்கும் பம்பும், டென்சோ உயரழுத்த பம்புக்குள்ளேயே சுழலும் ஃபீட் பம்பும்தான். ஆனால் இது காமன்ரெயில். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், மைக்ரான் கணக்கில் இடைவெளி. ஒரு துகள் போதும், நாசில் நான்கையும் கெடுக்க. ரீமேப் இல்லாத இன்னோவாவுக்கு லிஃப்ட் பம்ப் எதற்கும் உதவாது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி அனுப்புகிறார். பிக்கப் குறைந்து வந்த இன்னோவாக்களில் பெரும்பாலும் அவர் கண்டது அடைத்த பில்டர், டாங்கில் சேறு, இல்லையென்றால் அளவு வால்வு எனப்படும் எஸ்சிவி. சில நூறு ரூபாய் பில்டரில் முடிகிற வேலைக்குப் பம்ப் விற்பது தர்மமில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பொலிரோ பிக்கப்புகளில் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிக் கேட்பவர்களையும் அவர் இதே கண்ணோடுதான் பார்க்கிறார். சுமை ஏற்றும் வண்டிக்கு அது ஆயுளைக் குறைக்கும் வேலை.

சட்டமும் கொஞ்சம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் விபத்துக்குப் பின் கிளெய்ம் நிற்கும். புகைச் சோதனையில் பிஎஸ்-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 எச்எஸ்யு (புகை அடர்த்தியின் அலகு), பிஎஸ்-4 வண்டிக்கு 50 எச்எஸ்யு எல்லை. பொம்மிடி ஆக்டேவியா அந்த எல்லைக்குள் வந்த பிறகுதான் பட்டறையை விட்டுப் போனது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 கார்களின் புகை பில்டரைக் கழட்டிவிட்டு ரீமேப் கேட்கிறவர்களின் வேலையை இவர் எடுப்பதே இல்லை.

ரீமேப் போட நினைக்கிறவர்களுக்கு அவர் சொல்வது இதுதான்: பணத்தைக் கட்டும் முன் பில்டரை மாற்றுங்கள், ஓ-ரிங்கை மாற்றுங்கள், பம்பின் வாசலில் ஒரு கேஜை மாட்டி முழுச் சுமையில் ஒரு மேடு ஏற்றி, வந்த அளவை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ரீமேப்புக்குப் பின் அதே மேட்டில் அதே அளவை மறுபடி எடுங்கள். இரண்டு தாளையும் வண்டியின் ஆர்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கை வைக்கும் மெக்கானிக்குக்கு அவை உதவும்.